கலர் மெஷினுக்கு வச்ச பொட்டு

எனக்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. இப்ப தைரியமா சொல்றேன். பதுளையில அச்சகத்துல கலர் மெஷின் ஓட்டின காலத்துல எவனாவது இதை வாயில எடுத்திருந்தா அவன் வாயை அங்கேயே பொத்தியிருப்பேன்.

ஹாலிஎலப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துல, தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால நாலஞ்சு கோப்பி மரம் நின்னுச்சு. சிவந்த பழத்தை மட்டும் பறிச்சுக்கிட்டு வாடான்னு அப்பா அனுப்புவார். நான் காயும் பழமுமா உருவிக்கிட்டு வந்து நிப்பேன். சோம்பேறிப்பயன்னு சொல்லி அடிப்பார். பள்ளிக்கூடத்துல நான் மரத்துக்கு சிவப்பு இலை போட, ஏண்டான்னு வாத்தியார் கேட்டப்பதான் கோளாறு கண்ணுலன்னு எனக்கே புரிஞ்சது. யார்கிட்டயும் சொல்லல.

அச்சகத்துல மொதல்ல கறுப்பு மை மெஷின்ல நின்னேன். பில் புத்தகம், மரண அறிவித்தல். கறுப்புல எனக்கு என்ன கஷ்டம்? ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷத்துல முதலாளி கொழும்புல இருந்து பழைய கலர் மெஷின் ஒண்ணு இறக்கினார். அவர் யாழ்ப்பாணத்து மனுஷன், அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருந்து பென்ஷன் எடுத்துக்கிட்டு அச்சகம் தொடங்கினவர். நாங்க ஐயான்னுதான் கூப்பிடுவோம்.

அந்த மெஷின் கலரைத் தானே பார்த்துக்கும். தாள் ஓரத்துல கட்டம் கட்டமா ஒரு கலர் பட்டை விழும். கண்ணாடி போட்ட கண்ணு ஒண்ணு அது மேல ஓடி, எந்த மை கூடுது, எது குறையுதுன்னு அளந்து, தானே கூட்டிக் குறைச்சுக்கும். நமக்குத் திரையில எண்ணு மட்டும் வரும். யார் ஓட்டுறதுன்னு ஐயா கேட்டப்ப நான் கையைத் தூக்கிட்டேன். எண்ணு படிக்கத் தெரிஞ்சா போதுமே! கலர் பார்க்கத் தெரியாதவனுக்குன்னே கடவுள் செஞ்சு அனுப்பின மெஷின் அது.

அம்மா லயம் பூரா சொல்லி வச்சிருந்துச்சு, மகன் கலர் மெஷின்காரன்னு. விஷயம் வெளிய வந்தா வேலை போயிரும். தோட்டத்துல வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய், காலையில கங்காணி முன்னால நிக்க வேண்டியதுதான். அந்தப் பயத்துல நடிப்பும் நல்லா வந்துச்சு. வாடிக்கைக்காரங்க கலர் எப்படின்னு கேட்டா தாளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிப்பேன், கண்ணைச் சுருக்குவேன், கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு ஒண்ணுக்கும் உதவாத ஒரு பட்டனை அமுக்குவேன். இப்ப பாருங்கம்பேன். ஆஹா, இப்பதான் சரின்னுவாங்க.

ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் ஒரு சரஸ்வதி பூசை வந்துச்சு. புத்தகம் மடிக்கிற அக்காதான் எங்களுக்குப் பூசாரி மாதிரி. கத்தி மெஷின், தையல் மெஷின், டெலிபோன், ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம் வச்சாங்க. கலர் மெஷினுக்குக் கண்ணு இருக்கே, திருஷ்டி படக்கூடாதுன்னு அந்தக் கண்ணாடியில நட்டநடுவுல குங்குமத்துல ஒரு பொட்டு. நான் அந்த நேரம் சுண்டல் தட்டோட வாசல்ல நின்னேன்.

மறுநாள் மெஷினைப் போடுறதுக்கு முந்தி கண்ணாடியைப் பார்க்கணும், அழுக்கு இருந்தா துடைக்கணும். பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில குங்குமம் என் கண்ணுக்குக் கறுப்புதான். சுத்தமா இருக்குன்னு ஓட விட்டேன். கடைத்தெரு புடவைக்கடைக்காரரோட கலண்டர். மேல லட்சுமி, கீழ அவர் படம். மெஷினோ எங்க பார்த்தாலும் சிவப்பு கூடிப் போச்சுன்னு நினைச்சு சிவப்பைக் குறைச்சுக்கிட்டே போச்சு. எண்ணு எல்லாம் அருமையா வந்துச்சு. நான் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு ஓட்டினேன்.

சாப்பாட்டு நேரத்துல ஐயா வந்து ஒரு தாளை எடுத்தார். ஆளு அப்படியே நின்னுட்டார். "இதென்ன கோதாரியப்பா? லட்சுமிக்கும் பச்சை முகம், கடைக்காரருக்கும் பச்சை முகம்."

குனிஞ்சு மெஷினைப் பார்த்தார், பொட்டைக் கண்டுபிடிச்சார். யார் வச்சதுன்னு கேட்டார். நான்தாங்க ஐயான்னாங்க அக்கா. அவ்வளவுதான், நாளையில இருந்து வரவேண்டாம்னுட்டார். அக்கா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பையில வச்சாங்க. புருஷன் இல்லாம ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கிற மனுஷி. சத்தியமா சொல்றேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன். அதை நினைச்சா இன்னைக்கும் என் மேல எனக்கே ஆத்திரம் வருது.

"அக்காவை அனுப்பாதீங்க ஐயா. காலையில கண்ணாடியைப் பார்த்தவன் நான். எனக்கு சிவப்பு தெரியாதுங்க. பச்சையும் தெரியாது."

ஐயா நம்பல. ஒரு மை டப்பியைத் தூக்கிக் காட்டினார். சிவப்புன்னேன். மூடியில எழுதியிருக்குன்னு அவருக்கு உறைச்சதும் அதை வச்சிட்டு, வேற ஒண்ணை மூடியைக் கழட்டித் தூக்கினார். அதையும் சிவப்புன்னேன். அது பச்சையாம். அக்காவே சிரிச்சிட்டாங்க.

ஐயா தாள் கட்டு மேல உக்காந்துட்டார். "அப்ப ரெண்டு வருசமா ஜன்னலடியில பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தது என்னத்தையடாப்பா?"

ஒண்ணையும் பார்க்கலீங்கன்னேன். மனுஷன் திட்டப்போறார்னு நினைச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். கண்ணில்லாதவனைக் கலர் மெஷினில விட்டிட்டு நானெல்லோ சரஸ்வதியைக் கும்பிட்டிருக்கிறன்னு தலையில அடிச்சுக்கிட்டார். அப்புறம் எழும்பி, அக்கா பையை வாங்கி ஆணியில மாட்டினார். மொதல் தாள் எதுவானாலும் அக்கா பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் நான் ஓட்டலாம்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டார்.

மறுபடி அடிச்சு முடிச்ச அன்னைக்குப் புடவைக்கடைக்காரர் வந்தார். கலண்டரை மேசையில விரிச்சு, எப்படித் தம்பி, கலர் எடுப்பா வந்திருக்கான்னு கேட்டார். ஐயா என்னையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"எனக்குத் தெரியாதுங்க. இந்த அக்காகிட்ட கேளுங்க."

கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். எனக்கு வெட்கமே வரல. அக்கா பசைக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து படத்தைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, மறுபடி படத்தைப் பார்த்தாங்க. அக்கா வாயைத் திறக்கிறவரைக்கும் அந்த மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.