மனதுக்குள் சிரித்தாள்

கதை எழுதுகிறவன் எல்லாம் அறிந்தவனாக இருக்கலாம், பூட்டிய அறைக்குள்ளும் பூட்டிய நெஞ்சுக்குள்ளும் யாரையும் கேளாமல் போய்வரலாம் என்று எங்கோ வாசித்துவிட்டு, இருபத்து நான்கு வயதில் எனக்குத் தலைக்கனம் பிடித்திருந்தது. அப்போது நான் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், கரையோரத்து ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன். புளியந்தீவுப் பட்டணத்துக்குப் போய்வரும் நாளில் கையில் ஒரு பத்திரிகை இருக்கும். அதை விரித்துப் பிடித்தபடியே ஊருக்குள் நடப்பேன். வாசிப்பதற்கல்ல, நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காகத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை அச்சாகி வந்தது. கதை பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வாவிக்கரை ஊர் ஒன்றின் பெரிய மனிதர், வெள்ளைக்கார அரசாங்க ஏஜெண்டுத் துரை வள்ளத்தில் வருகிறார் என்று கோட்டும் சப்பாத்துமாகத் துறைக்குப் போகிறார். துரைக்குக் கைகொடுக்க எட்டிக் கால் வைக்கும்போது ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விடுகிறது. ஒற்றைச் சப்பாத்தோடு நின்று வரவேற்புரை வாசிக்கிறார். கரையில் பெண்களோடு நிற்கும் மனைவி அதைப் பார்க்கிறாள். கடைசி வரி இதுதான்: ‘இந்த மனிதரையா இத்தனை வருடமும் மலையென்று நம்பியிருந்தேன் என்று எண்ணி அவள் மனதுக்குள் சிரித்தாள்.’

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திவந்த மனேஜருடைய சப்பாத்து அதற்கு முந்திய வருடம் அச்சொட்டாக அப்படித்தான் போனது. ஊரே பார்த்தது. நடந்ததை ஒரு நூல்கூட மாற்றாமல் எடுத்துப் போட்டுவிட்டு, அதற்குக் கற்பனை என்று பெயரும் வைத்துக்கொண்டேன். என் சொந்தச் சரக்கு அந்தக் கடைசி வரி ஒன்றுதான். அதில்தான் எனக்குப் பெருமையும் அதிகம்.

மனேஜர் முன்னொரு காலத்தில் ஊர்ச் சச்சரவுகளை விசாரிக்க உட்கார்ந்தவர். அன்றிலிருந்து அவருக்கு உலகத்திலுள்ள எல்லாமே இரண்டு வகை: கண்டது, கேட்டது. மூன்றாவதாக ஏதும் இருந்தால் அது பொய்ச்சாட்சி. ஒரு சனிக்கிழமை காலையில் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார். தன் வீடு என்பது ஒரு பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரையும் போல அவரும் மனைவியின் சீதன வீட்டில் வந்து குடியேறியவர். தலைமையாசிரியர் பத்திரிகையோடு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவேயில்லை. அவருக்கு நாற்காலி கிடைத்திருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

தலைமையாசிரியர் கதையை உரத்து வாசித்தார். சப்பாத்து சேற்றில் போகும் இடம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனேஜர் தலையை ஆட்டினார்.

“சப்பாத்து போனது மெய். நாலு சனம் கண்டது. அதில எனக்கு வழக்கில்ல.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இந்தக் கடைசி வரிக்குத்தான் கூப்பிட்டனான். அவ மனசுக்குள்ள சிரிச்சாவெண்டு எழுதியிருக்கிறீர். கண்டதா, கேட்டதா?”

“ரெண்டுமில்ல ஐயா. கதை சொல்லுறவனுக்கு அது தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“அவன் எல்லாம் அறிஞ்சவன்.”

தலைமையாசிரியர் மெதுவாக “முருகா” என்றார்.

மனேஜர் அசையவில்லை. “மனசுக்குள்ள சிரிச்சது வெளியில தெரியாது. அப்ப அவ வாயால சொல்லியிருக்கணும். உமக்கா சொன்னவ? எங்க வச்சு? எப்ப?”

அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. அதுவரை என் வேலையை மட்டுமே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது மனேஜர் மனைவியின் பெயரும் சேர்ந்து தெருவுக்கு வரப்போகிறது. அந்த அம்மாவோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேரே முகம் பார்த்ததுகூட இல்லை.

“அது இவவில்ல ஐயா. கதையில வாற பொம்பிள.”

“சப்பாத்து என்ட சப்பாத்து, பெஞ்சாதி மட்டும் கதையில வாறவவா?”

 

சமாதானம் செய்து வைக்கிறேன் என்று தலைமையாசிரியர் இலக்கியத்துக்குள் இறங்கினார். ‘சிரித்தாள்’ என்பதைச் ‘சிரித்தாள் போலும்’ என்று மாற்றலாமே என்றார். ‘போலும்’ என்றால் சந்தேகம், சந்தேகம் அதைவிடக் கேடு என்று மனேஜர் தள்ளிவிட்டார். அப்படியானால் கதையை அந்தப் பெரிய மனிதரே சொல்வதுபோல எழுதட்டும், அவருக்கு மனைவியின் மனது தெரியாதல்லவா என்றார் தலைமையாசிரியர். மனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். உண்மையில் அன்று கதையைப் பற்றிப் பேசப்பட்ட ஒரே புத்தியான பேச்சு அதுதான்.

தீர்ப்பு வந்தது. யார் சொல்லி எழுதினேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எழுதியது பொய் என்று நானே பத்திரிகைக்கு எழுதிவிட்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். என் வேலையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. பொய் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அறைக்குள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மனேஜருடைய மனைவி கையில் சுளகோடு வெளியே வந்தார்.

“என்ட மனசில என்ன இருந்ததெண்டு மூணு ஆம்பிளைகள் இருந்து விசாரிக்கிறீங்க. என்னக் கேட்டா என்ன?”

கேட்கலாம் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் நெஞ்சுக்குள் புகுந்து புறப்பட்டு அச்சிலும் போட்டவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

“நீ உள்ள போ” என்றார் மனேஜர்.

“இது என்ட வீடு. எங்க நிக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.” சுளகை இடுப்பில் சாய்த்துக்கொண்டார். “அண்டைக்கு நான் சிரிக்கவுமில்ல, அழவுமில்ல. வாவிக்கு அங்கால படுவான்கரை வட்டையில என்ட வயல் வரம்பு உடைஞ்சு தண்ணி ஓடுதெண்டு விடியக் காலத்தால ஆள் வந்து சொல்லிப்போட்டுப் போனவன். அதை ஆரைப் பிடிச்சுக் கட்டுறதெண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன். துரை வந்ததும் தெரியா, சப்பாத்துப் போனதும் தெரியா. இவர் வீட்ட வந்து காலைக் கழுவக்குள்ளதான் கண்டன்.”

மனேஜர் வாயைத் திறந்தார். “அப்ப என்னப் பத்தி ஒண்டுமே நினைக்கல்லயா?”

“அதுக்கு எங்க நேரம்?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “வாத்தியார், ஒரு பொம்பிள பேசாம நிண்டா புருசனத்தான் நினைச்சுக்கொண்டு நிக்கிறாளெண்டு இவர் நினைச்சார். அது பரவால்ல. நீங்களும் அதையே நினைச்சிருக்கீங்க.”

உள்ளே போனார். சுளகுச் சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

தலைமையாசிரியர் பத்திரிகையை மடித்து, “அப்ப வழக்குத் தள்ளுபடிதானே?” என்று கேட்டார். மனேஜர் கையை ஆட்டினார். என் வேலை தப்பியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. எல்லாம் அறிந்தவனாம். அந்த அம்மா நின்ற இடத்தில் நின்று ஒரு கணம் படுவான்கரைப் பக்கம் பார்க்கத் தெரியாதவன். அவர் கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கண்ணை அவர் புருசனுடைய காலடியிலேயே கட்டிப் போட்டிருந்தேன்.

மனேஜர் வாசல் படலை வரைக்கும் என்னோடு வந்தார். அப்படி அவர் யாரோடும் வருவதில்லை. செய்த பிழைக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது எனக்கு.

“நான் பத்திரிகைக்கு எழுதிப்போடுறன் ஐயா. கடைசி வரி பிழை, அந்தப் பொம்பிள சிரிக்கல்ல, வயலைத்தான் நினைச்சாவெண்டு திருத்தச் சொல்லுறன்.”

அவர் திரும்பி ஒருமுறை வீட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வேணாம் வாத்தியார். சிரிச்சதாவே இருக்கட்டும்.”