கரையாத மண்தூண்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொத்துக் கரண்டி பிடித்தவன் நான். அன்றிலிருந்து என் கவலையெல்லாம் மழைதான். பூசிய சுவர் காயுமுன் வானம் கறுத்தால் தார்ப்பாயைத் தேடி ஓடுவேன்.

அப்படிப்பட்டவனைப் பிடித்து, மைசூர் விஜயநகரில் ஒரு சிற்பி அம்மா, வாசலில் ஆளுயரத்துக்கு மண்தூண் எழுப்பச் சொன்னார். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மண் அடுக்கடுக்காக. மழை கரைத்துவிட்டு எதை மிச்சம் வைக்கிறதோ அதுதான் சிற்பமாம். தசராவுக்கு ஆட்களை அழைத்துக் காட்டப்போகிறாராம்.

"உளி பிடிக்கப்போறது மழை. வெறும் மண்ணு போறும், மேஸ்திரி. சிமெண்ட் கூடாது."

"சரிங்கம்மா" என்றேன். அவர் சாப்பிட உள்ளே போனதும் சாமுண்டி மலைப் பக்கம் இடி உருண்டது. தூண் சரிந்து யார் காலிலாவது விழுந்தால்? சட்டிக்கு ஒரு கரண்டி சிமெண்ட் சேர்த்தேன். போதாதென்று சிமெண்ட் இறுக ஒரு வாரம் தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தேன்.

ஆடி, ஆவணி முழுக்க மழை. தூண் குளித்துத் தலை துவட்டியது போல நின்றது. அந்த அம்மா போனில் அழைத்தார். அவர் பேச்சில் மரியாதைக்குக் கன்னட 'ரீ' ஒட்டிக்கொண்டு வரும்.

"ஏன் ரீ மேஸ்திரி, இது அப்படியே நிக்கறதே?"

"மழை பத்தலையோ என்னவோங்கம்மா."

"பக்கத்து வீட்டு காம்பவுண்டே விழுந்துடுத்து."

"ஐயோ, அது யாரு கட்டினது?"

மறுநாள் நேரில் போனேன். தூணை நகத்தால் சுரண்டினார். நகம்தான் தேய்ந்தது. என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கரண்டிதாங்கம்மா."

"மொத்தமாவா?"

"சட்டிக்கு ஒண்ணு."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "தசராவுக்கு மூணு வாரந்தான் ரீ இருக்கு."

இரண்டாவது தூணுக்கு அவரே மண் குழைத்தார். எனக்குச் சுமக்கிற வேலை மட்டும். என் பையைக் கேட்டுக்கு வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். உச்சி அடுக்கை வைத்து அவர் முக்காலியிலிருந்து இறங்குவதற்குள் தூறல் தொடங்கியது. என் கையில் எப்படியோ தார்ப்பாய் இருந்தது.

"கீழ வைங்கோ."

வைத்தேன். இருவரும் நனைந்துகொண்டே நின்றோம். சிவப்பு வழிந்து வெள்ளையில் இறங்கியது. ஒரு பெரிய கட்டி பொத்தென்று என் காலடியில் விழுந்தது. எடுத்து ஒட்டப்போன கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அழகா விழுந்துது" என்றார் அந்த அம்மா.

தசராவுக்கு வந்தவர்கள் புதுத் தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பழைய தூணில் அந்த அம்மா துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதில் விரிசல் ஏதும் விட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.