மாப்பிள்ளை வீடு கேட்ட எக்ஸ்ரே சர்டிபிகேட்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பழனிசாமி காபி டம்ளரோடு வந்து நின்றார். "ஏனுங் சார், எக்ஸ்ரே ஒடம்ப ஒண்ணும் பண்ணலைன்னு ஒரு சர்டிபிகேட் எங்கீங்க வாங்கறது?"

தூக்கிவாரிப்போட்டது. வருவாய்த் துறையில் தலை நரைத்தவன் நான். வாரிசு, வருமானம், இருப்பிடம்... எந்தச் சான்றிதழ் எந்த மேஜையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை!

விஷயம் இதுதான். அவர் மகள் சுகன்யா பிஎச்.டி. செய்கிறாள். பெண் பார்க்க வந்த பெருந்துறைக்காரர்களிடம், "பாப்பா நாள் பூரா எக்ஸ்ரேலயேதானுங்க இருக்குது" என்று இவர் பெருமையடித்திருக்கிறார். பையனின் அம்மா பயந்துவிட்டார். குழந்தை பிறப்பதில் சிக்கல் வராது என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். வேலையையும் விட வேண்டும். இல்லையென்றால் சம்பந்தம் இல்லை.

இரண்டு பக்கமும் படித்த குடும்பம் - அதுதான் அதிர்ச்சி.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். சான்றிதழ் நிபுணர் என்ற முறையில் நானும் ஆஜர். சுகன்யா அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்கம்மா, நான் ஆராய்ச்சி பண்றது வெள்ளைக் குள்ளன்னு ஒரு நட்சத்திரமுங்க. எரிஞ்சு முடிஞ்சு, பூமி அளவுக்குச் சுருங்கிப்போனது. கூடவே ஜோடியா இன்னொரு நட்சத்திரம் சுத்தும். அதோட வாயுவ இது இழுத்துக்கும். அது வேகமா வந்து விழுந்து மோதறப்ப, கோடிக்கணக்கான டிகிரி சூடாகுமுங்க. அதுல வாரதுதான் எக்ஸ்ரே."

"அது உம்மேல படாதா கண்ணு?"

"நம்ம காத்து மண்டலமே தடுத்துப்போடுமுங்க. மேல சேட்டிலைட்தான் புடிக்குது. நான் லேப்டாப்புல நம்பரத்தான் பாக்கறேன்."

அம்மாள் பாதி சமாதானம். "இருந்தாலும்... ஒரு சர்டிபிகேட் இருந்தா நல்லதுங்களே?" என்று என்னைப் பார்த்தார்.

"எடுத்தறலாமுங்க" என்ற சுகன்யா, மாப்பிள்ளைப் பையன் பக்கம் திரும்பினாள். "நீங்க வால்வு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்தானுங்களே? இரும்பு வார்ப்புக்குள்ள விரிசல் இருக்குதான்னு எப்படிங்க பாப்பீங்க?"

பையன் நெளிந்தான். "எக்ஸ்ரே எடுத்துத்தானுங்க."

"பேட்ஜ் குத்திக்குவீங்களா?"

"ஆமாங்க. எவ்வளவு கதிர் பட்டுதுன்னு அத வெச்சுத்தான் கணக்குப் பாப்பாங்க."

அம்மாளின் கையிலிருந்த முறுக்கு தட்டிலேயே விழுந்தது. "அட சாமி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா!"

"எல்லாம் பாதுகாப்பாத்தாம்மா பண்றோம். நீ கேக்கவே இல்லியே?"

கேட்கவில்லைதான். எங்கோ வானத்தில் கிளம்பிய கதிருக்காகப் பெண்ணிடம் சான்றிதழ் கேட்க அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. சொந்த மகன் தினமும் எதன் பக்கத்தில் நிற்கிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒருவேளை அந்த வெள்ளைக் குள்ளனும் தன் ஜோடியை வேலையை விடச் சொல்லிக்கொண்டிருக்குமோ?

சான்றிதழ் பேச்சு அத்தோடு முடிந்தது. நேற்று அந்த அம்மாளே போன் செய்தாராம். பாப்பா வேலையை விட வேண்டாம், அவளுக்குச் சம்மதமா என்று கேட்டால் போதும் என்றாராம்.

சுகன்யாவின் பதிலைப் பழனிசாமி மென்று விழுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"மொதல்ல அவரோட பேட்ஜ் ரீடிங்க அனுப்பச் சொல்லுங்கப்பா. பாத்துப்போட்டுச் சொல்றேன்."