இரண்டு நாற்பதுக்குப் பார்த்த மேகம்

பக்கத்து வீட்டுக் குப்பம்மா, அடுத்த வருட விதைக்கென்று எடுத்த சாமையைப் பாறையில் காயவைத்துவிட்டு, மகளைப் பார்க்கச் செங்கத்துக்குப் புறப்பட்டாள்.

"மேகம் கட்னா தார்ப்பாயைப் போட்டு மூடிடுங்கண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பல வருடங்களாக மழையை மணி, நிமிடத்தோடு டைரியில் குறித்து வருபவன் நான். அன்று மதியம் 2.40க்குக் கிழக்கே மேகம் திரண்டது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். அந்த மாதத்தில் அந்தத் திசை மேகம் எங்கள் ஊரில் பெய்ததாக ஒரு குறிப்பும் இல்லை. "2.40. மேகம். வராது" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். 3.15க்குக் கொட்டியது. நான் ஓடிச் சேர்வதற்குள் பாதிச் சாமையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. மீதி ஊறிக் கிடந்தது.

மறுநாள் வந்த குப்பம்மா அதைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "திடீர்னு வந்த மழைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க, விடுங்கண்ணே."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் 2.40 என்று எழுதியது என் கை.

"திடீர்னு வரலம்மா. முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே பாத்தேன். வராதுன்னு எழுதிக்கினு உக்காந்துட்டேன்."

அவள் முகம் மாறியது. "எழுதறதுக்கு வந்த கை மூடறதுக்கு வரலையா?"

என் விதைச் சாமை மூட்டையைத் தூக்கிவந்து அவள் வாசலில் இறக்கினேன்.

"உங்களுக்கு?" என்றாள்.

"நான் தேடிக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க ஊர் ஊராக நடந்து விதை கேட்டேன். "மழையில போச்சா?" என்று எல்லோரும் கேட்டார்கள். "இல்லீங்க, என்னாலதான் போச்சு" என்றேன். மூன்றாவது ஊரில் அதைச் சொல்லும்போது குரல் தடுமாறவில்லை.

இப்போதும் மழையைக் குறிக்கிறேன். மேகத்தைக் கண்டால் முதலில் எழுந்து பாறைப் பக்கம் போகிறேன், டைரி பிறகுதான்.