நிற்காமல் ஓடும் பாட்டு

நான் வேலை பார்க்கும் சூப்பர்மார்க்கெட்டில் பாட்டு கூரையிலிருந்து கொட்டுகிறது. காலையில் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் மூடும்வரை நிற்பதில்லை. ஒருவரும் காது கொடுப்பதும் இல்லை. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் குளிரைவிட இதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்தப் பாட்டுகளில் பாதி ஒரு காலத்தில் என் பாடப்புத்தகங்கள். ஒரு வரி முடிந்ததும் பீன்ஸ் டப்பாவோடு என் கை தானாக நின்றுவிடும். அடுத்த வரி வருமுன் அறை நிறையக் குரல்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும் அல்லவா?

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் ஹெலன், "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்டார். அக்கறையாக விசாரிக்கிறாரே என்று, தூக்கம் சரியில்லை, முழங்கால் வலி, ஊர் நினைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பாதியிலேயே மெல்லப் பின்வாங்கினார். அது இங்கே வணக்கம் மாதிரி, யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்று அன்று மாலை என் மனைவி மலர் விளக்கினாள். அவள் செவிலியர். இந்த நாடு வேலைக்குக் கூப்பிட்டது அவளைத்தான். நான் கூட வந்தவன். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். சேர்ந்தாயிற்று, டப்பா அடுக்குகிறேன்.

திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம், ஒரு செல்போன் கடையின் மாடியில் ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். இலக்கணம் என்றதும் எழுந்து ஓடுகிறவர்களை உட்காரவைக்கப் பாப் பாட்டுதான் கைகொடுத்தது. ஒரு வரி போடுவேன், நிறுத்துவேன், எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பயந்த கல்லூரிப் பெண்கள், கடையைச் சாத்திவிட்டு அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டுக்காரர்களிடம் வாடகை பேசத் திணறிய ஆட்டோக்காரர்கள். எல்லாம் காதல் பாட்டு என்பதால் விபரீதங்களும் நடந்தன. ஓர் ஆட்டோக்காரர், ஆசிரம வாசலில் இறங்கிய வெள்ளைக்கார அம்மாளிடம், நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லி விடைகொடுத்துவிட்டு வந்தார். அன்று வகுப்பில் பாடமே நடக்கவில்லை. பௌர்ணமிக்கு மட்டும் விடுமுறை விடுவேன்; கிரிவலக் கூட்டத்தில் யாராலும் வந்து சேர முடியாது. மற்ற நாள்களில், பாட்டை நான் நிறுத்தும் அந்தக் கொஞ்ச நேரம் மாடி முழுக்க என் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கும்.

கிளம்பும்போது வகுப்பை ஷம்ஷாத்திடம் ஒப்படைத்தேன். பாத்திரக்கடைக் குடும்பம், இரண்டு பிள்ளைகளின் தாய், என்னிடமே படித்தவர். தப்பானாலும் கூச்சப்படாமல் உரக்கப் பாடிய ஒரே ஆள் அவர்தான். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் நான் ஒரு பாட்டு நடத்துவதாக ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க உயிரோடு இருந்தேன் என்றால் மலர் கோபித்துக்கொள்வாள். ஆனால் உண்மை அதுதான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். இங்கே நான் யாரோ ஒருவன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் 'சார்'.

நான் ஒரு வரி பாடி நிறுத்துவேன். அவர்கள் குரல் கடல் தாண்டி வரத் தாமதமாகும். பொறுக்க முடியாமல் அடுத்த வரிக்குப் போவேன். அப்போதுதான் முந்தைய வரி வந்து சேரும். எல்லாம் குழம்பிப்போகும். போன ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஷம்ஷாத் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நிறுத்தி நிறுத்திப் பாடறது இவங்களுக்கு இப்போ தேவைப்படல. பாட்டு கூடவே பாடிட்டுப் போறாங்க. இனிமே நானே பாத்துக்கறேன். உங்களுக்கும் அங்க வேலை ஜாஸ்தி."

நல்லதும்மா என்றேன். மாணவர்கள் பாட்டோடு ஓடத் தொடங்கிவிட்டார்கள் என்றால் வாத்தியாருக்கு அதைவிட என்ன வேண்டும்? அப்படித்தான் சொல்லித் தேற்றிக்கொண்டேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை கூரையில், முந்தின நாள் வகுப்பில் நான் நடத்திய அதே பாட்டு வந்தது. முதல் வரி முடிந்தது. என் கை நின்றது. ஊரில் அப்போது உச்சி வெயில், மாடி அறை பூட்டிக் கிடக்கும். யாரும் திருப்பிப் பாடவில்லை என்பதால் நானே முணுமுணுத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஹெலன், "ஆல்ரைட்?" என்றார்.

"ஆல்ரைட்" என்றேன், இந்த ஊர்க்காரன் மாதிரியே. அதற்குள் பாட்டு இரண்டு வரி முன்னால் போய்விட்டிருந்தது.