தைலத்தில் ஊறிய ரப்பர்

டிக்சனுக்கு மெக்கானிக்குகளைக் கண்டாலே ஆகாது. பதினெட்டு வருஷமாகக் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறவர். தன் வண்டியில் இன்னொருவன் கை வைத்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. உலகத்தில் பாதிப்பேர் ஏமாற்றுக்காரர்கள், மீதிப்பேர் அதற்கு பில் போடுகிறவர்கள் என்பது அவர் கட்சி.

அந்தப் புதன்கிழமை வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். வளைவில் திருப்பினால் டக் டக்கென்று சத்தம். சக்கரத்தைச் சுழற்றும் சி.வி. ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. மறுநாள் சண்முகவள்ளி டீச்சரைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. மலையில் வண்டி நின்றால் அது போச்சு.

ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. உள்ளே மண்ணும் கிரீஸும் குழைந்து விரலில் அப்பியது. துணியில் துடைத்தும் போகவில்லை. உறை போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் குமாரவேல் கொடுத்தது. அது கிழிந்ததைப் போன மாதம் பார்த்ததுமே ஒரு துண்டை அறுத்து அவன் மேஜையில் வீசி, டூப்ளிகேட் விற்கிறான் என்று டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது டிரைவர்கள் யாரும் அந்தக் கடைப்பக்கம் போவதில்லை.

புது ஜாயிண்டும் உறையும் வத்தலக்குண்டில் வாங்கியவை. உறை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டுமென்று கிண்ணத்தில் யூகலிப்டஸ் தைலம் ஊற்றி அதில் போட்டு வைத்திருந்தார். சளிக்கும் அதுதான், தரை துடைக்கவும் அதுதான். போன தடவையும் அதைத்தான் தடவினார்.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால், உறை ஊதிப்போய்க் கொழகொழவென்று கிடந்தது. கிளிப் போட்டால் நழுவியது. இது வேறு கடைச் சரக்கு. அப்படியானால் கெடுத்தது யார்? கையிலிருந்த கிரீஸைவிடத் தன்னை நினைத்துத்தான் டிக்சனுக்கு அருவருப்பாக இருந்தது.

வண்டியோ ஜாக்கியில் நிற்கிறது. ஊரில் அந்த உறை வைத்திருப்பவன் குமாரவேல் ஒருவன்தான். நடந்து போனார். கடையில் ஈ காக்கை இல்லை. டிக்சன் உறை கேட்டதும் அவன் எடுத்து வைத்தான்.

“தைலத்த மட்டும் தொடாதீங்கண்ணே. அன்னைக்கு அந்தத் துண்டு ஊதிக் கெடந்ததப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. அத்தன பேரு முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிருமேன்னு சொல்லல.”

டிக்சனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே ஸ்டாண்டுக்குப் போய், உறையைக் கெடுத்தது தன் தைலம்தான் என்று சொல்ல, நின்றிருந்த டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.