முக்கால் மணித்தியாலப் பறப்பு

எங்கள் டிக்கட் கந்தோருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். "மிஸ், பிளேனில எவ்வளவு நேரம்?" திருகோணமலை நகரத்தில் இருபது வருடத்துக்கு மேல் இதற்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. தூரம் தெரிந்தால் நேரம் சொல்வது லேசு. ஆனால் ரபீக்குக்குச் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

மாரி காலம். கந்தோர் திறந்த கையோடு கிண்ணியாவிலிருந்து ரபீக் வந்தார். முந்தின இரவு அவருடைய வாப்பா மௌத்து. டோஹாவில் வேலை செய்யும் அவருடைய காக்கா, வாப்பாவின் மூத்த மகன் நாசர், பிளேன் ஏறிவிட்டார், மத்தியானம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவார். அங்கே வாகனமும் பேசியாயிற்று. மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அவர்கள் நெடுநேரம் வைத்திருப்பதில்லை. மகன் முகம் பார்க்கவேண்டும் என்பதற்காக, இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டுநாயக்காவில இருந்து இங்க பக்கத்தில சீனன்குடாவுக்குச் சின்ன பிளேன் இரிக்காமே, மிஸ்?"

"ஓம், ஹயருக்கு எடுக்கலாம். ரோட்டால ஆறு மணித்தியாலம். மேலால இருநூறு கிலோமீட்டரளவுதான், முக்கால் மணித்தியாலத்தில வந்திடும். ஆனா மழை முகில் இறங்கினா பைலட் இறக்கமாட்டான். வாகனமெண்டா எப்பிடியும் வந்து சேரும்."

"முக்கால் மணித்தியாலமா! அப்ப அசருக்கே அடக்கலாமே. பெரியாக்களும் சுணக்க வேணாமெண்டுதான் ஏசுறாங்க."

என் மேசை முன்னால் நின்றபடியே பள்ளிவாசலுக்கு போன் எடுத்து, அடக்கத்தைப் பின்னேரம் அசர்த் தொழுகையோடு என்று மாற்றிவிட்டார். வாகனத்தையும் வேண்டாமென்றார். "பொறுங்கோ தம்பி, ஆள் முதல்ல வந்து இறங்கட்டும்" என்றேன். மனுசன் கேட்கிற நிலையிலா இருந்தார்!

நாசரை ஏற்றிக்கொண்டு சின்ன பிளேன் சொன்ன நேரத்துக்கே கிளம்பியது. சீனன்குடா ஓடுபாதையை மழை மூடியிருந்தது. இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பைலட் திரும்பக் கட்டுநாயக்காவுக்கே கொண்டுபோய்விட்டான். கிண்ணியாவில் பிளேன் சத்தம் கேட்டதும், "காக்கா வந்திட்டார்" என்று மையத்தைத் தூக்கிவிட்டார்கள். சீனன்குடாவிலிருந்து கிண்ணியாவுக்கு எவ்வளவு தூரம், இந்தா வந்துவிடுவார் என்ற எண்ணம். மையவாடியில், குழியடியிலும் அவருக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். விடியப் பெய்த மழையில் மண் ஊறி, வெட்டிய குழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. "இனி ஏலாது" என்று பெரியவர்கள் சொல்ல, அடக்கிவிட்டார்கள். நாசர் கட்டுநாயக்காவில் இறங்கி போன் எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாகனத்தில் புறப்பட்டிருந்தால், இஷாவுக்குக் கிண்ணியாவில் நின்றிருப்பார். பாவி மனம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கிறது.

லீவு முடிந்து திரும்பும் டிக்கட்டை உறுதிப்படுத்த நாசர் என்னிடம்தான் வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. அவர் ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"மிஸ், பிளேன் சுத்தக்குள்ள சீனன்குடாப் பக்கம்தான் கறுத்துக் கிடந்திச்சு. கிண்ணியாப் பக்கம் வெளிச்சம். பாலம் தெரிஞ்சிச்சு. வெள்ளைத் தொப்பியோட கனபேர் ரோட்டால நடந்து போனாங்க. ஆரோ மௌத்தாக்குமெண்டு அவருக்காக துஆ கேட்டன். இஷாவுக்கு அடக்கமெண்டுதானே எனக்குச் சொல்லியிருந்தாங்க, மாத்தினது தெரியாது."

கந்தோருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பறக்கிற நேரத்தைக் கேட்டால் சொல்லுங்கள். அதை நம்பி ஒரு மையத்தைத் தூக்க மட்டும் விடாதீர்கள்.